ஒரு திருமண ஆல்பம் உருவாகும் கதை

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் நம் முன்னோர். அந்தப் பயிர் ஊன்றப்பட்ட நாளைப் பத்திரமாகக் காத்து வைப்பது ஆல்பம். மண்டபத்து வாழைமரமும் தோரணமும் மறுநாளே கழற்றப்பட்டுவிடும். விருந்தில் பரிமாறிய ஆட்டிறைச்சிப் பிரட்டலைப் பற்றி ஒரு மாதம் பேசுவோம், பிறகு மறந்துபோவோம். கூரைப்புடவை அலமாரிக்குள் போய்விடும். நாற்பது ஆண்டுகள் கழித்தும் வீட்டுக்கு வரும் விருந்தினரின் கையில் எடுத்துக் கொடுக்கப்படுவது ஆல்பம்தான். "பாட்டி, இது யாரு? இது எந்தப் பெரியம்மா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கப்போவதும் அதைப் பார்த்துத்தான்.

அப்படிப்பட்ட ஆல்பங்களை வடிவமைக்கும் பணியில் நான் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். 2007ஆம் ஆண்டு, முதலாமாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய புகைப்பட நிலையத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். கலை ஆர்வத்தால் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். கல்விக் கடனில் கட்டணம் போக மிஞ்சியது சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் போதவில்லை, அதுதான் காரணம். பட்டம் பெற்று வேறு துறையில் வேலைக்குப் போன பிறகும் வார இறுதிகளில் அந்தப் பணியை நான் விடவில்லை. இன்று நம் பேரவை மாணவர்கள் சிலர் இதே வேலையைத் தங்கள் மடிக்கணினியிலேயே செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்காகவும், நாளை மணமேடை ஏறப்போகிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மூவாயிரமும் முந்நூறும்

என் தாத்தா பாட்டியின் திருமணத்துக்கு இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். திருமணம் முடிந்து சில நாள் கழித்து, தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போய், ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன் நின்று எடுத்துக்கொண்டது. இருவரும் சிரிக்கவில்லை. என் பெற்றோருக்கு ஒரு முழு ஆல்பம் உண்டு. பசை தடவிய அட்டையில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளால் மூடும் வகை. அந்தப் பசையே இப்போது படங்களைப் பழுப்பாக்கிவிட்டது. அந்தக் காலத்து வண்ணப் படங்களில் நீலச்சாயம் மற்றச் சாயங்களைவிட வேகமாக மங்கியதால், அம்மாவும் அப்பாவும் ஆண்டுக்கு ஆண்டு சிவந்துகொண்டே போகிறார்கள்.

நாங்கள் வேலை செய்த காலத்தில் ஒரு திருமணத்துக்கு மூவாயிரம் படங்கள் வரை வரும். இரண்டு புகைப்படக்காரர்கள் எடுத்திருப்பார்கள். முதல் வேலை, இரண்டு கேமராக்களின் நேரத்தையும் ஒன்றாக்குவது. ஒன்றின் கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தியிருந்தால், கணினியில் படங்களை வரிசைப்படுத்தும்போது தாலி கட்டி முடிந்த பிறகு மாப்பிள்ளை கையில் தாலியை வாங்குவார்! இரண்டு பேருமே படமெடுத்திருக்கும் ஒரு கணத்தைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்வோம். பெரும்பாலும் அது கெட்டிமேளம் கொட்டும் கணமாகவே இருக்கும். அதை எந்தப் புகைப்படக்காரரும் தவறவிட மாட்டார்.

பிறகு தேர்வு. கண் மூடியவை, குலுங்கியவை, ஒரே மாதிரி ஐந்து இருப்பவை என்று கழித்துக் கழித்து முந்நூறுக்குக் கொண்டு வரவேண்டும். இங்கேதான் சடங்கு தெரிந்திருப்பது அவசியமாகிறது. நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, பாதபூசை, கன்னிகாதானம், மாங்கல்ய தாரணம், அக்கினி வலம், அம்மி மிதித்தல், பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு; குடும்பத்துக்குக் குடும்பம் சிறு மாற்றங்களும் உண்டு. எங்கள் ஆல்பங்களை அச்சிட்டுக் கொடுத்த சீன நண்பர் ஒருமுறை, "பெண்ணின் அப்பா எதற்காக மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிறார்?" என்று கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்வதற்காக நான் ஓர் அர்ச்சகரிடம் போய்க் கேட்டுப் படித்தேன். தமிழன் திருமணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, படங்களை வரிசைப்படுத்தியபோது கற்றதுதான்.

எங்கள் வழக்கமான ஆல்பம் மூடியிருக்கும்போது 12க்கு 18 அங்குலம். விரித்தால் 12க்கு 36. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அப்படியானால் ஒரு விரிப்பக்கம் 3,600க்கு 10,800. அதாவது ஏறக்குறைய 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். அதன்மேல் பத்துப் பதினைந்து படங்கள் லேயர் லேயராக அடுக்கப்பட்டிருக்கும். அந்த நாள் கணினியில் கோப்பைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். பக்கத்தின் நான்கு ஓரங்களிலும் கால் அங்குலம் வெட்டுப்படும் என்பதால் அங்கே கை, கால், தலை எதுவும் இருக்கக்கூடாது. நடு மடிப்பில் எவர் முகமும் விழக்கூடாது. மாமியாரின் முகம் மடிப்பில் விழுந்த ஓர் ஆல்பத்தை வேறொரு கடையிலிருந்து திருத்தக் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

சுவிட்சர்லாந்தில் கிள்ளான் தம்பதி

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து டிவிடிகளில் ஆயத்தப் பக்கங்கள் வரும். பனிமலை, அருவி, ரோஜாத் தோட்டம், தாஜ்மஹால், இதய வடிவச் சட்டங்கள் எல்லாம் அதில் தயாராக இருக்கும். மணமக்களை வெட்டி எடுத்து ஒட்டினால் போதும். பந்திங்கில் பிறந்து கிள்ளானில் மணமுடித்த தம்பதியரைச் சுவிட்சர்லாந்துப் பனியில் வேட்டியோடு நிற்கவைத்த பெருமை எங்களுக்கும் உண்டு. வாடிக்கையாளர் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள். இன்று அந்தப் பக்கங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் பலர். நான் சிரிக்க மாட்டேன். விமானமே ஏறியிராத குடும்பங்கள் அவை. தேன்நிலவுக்குக் கேமரன் மலைக்குப் போவதே அவர்களுக்குப் பெரிய செலவு. ஆனாலும் நாளடைவில் ஒன்றைக் கவனித்தேன். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மறுபிரதி கேட்டு வந்தவர்கள், "அந்த மலை வேண்டாம், கோயில் தெரியிற மாதிரி போடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

வேட்டி வெள்ளையாக இருக்கட்டும்

ஒரே திருமணத்தில் எத்தனை வகை வெளிச்சம்! கோயில் மண்டபத்தில் குழல்விளக்கு. படத்தில் பச்சை படியும். மணவறையைச் சுற்றி அலங்கார மஞ்சள் பல்புகள். பக்கவாட்டில் வெயில். நடுவே ஓமப்புகை. மாலை விருந்து மண்டபத்தில் ஊதாவும் நீலமுமாகச் சுழலும் விளக்குகள். இந்தப் படங்களை ஒரே பக்கத்தில் வைத்தால், மணப்பெண் ஐந்து படத்தில் ஐந்து பெண்ணாகத் தெரிவார்.

கடை உரிமையாளரை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். அவர் முதல் வாரம் சொல்லிக் கொடுத்தது இது: "முகத்தைப் பார்த்துக் கலரைத் திருத்தாதே தம்பி. மாப்பிள்ளை வேட்டியைப் பாரு. வேட்டியை வெள்ளையாக்கு. மத்தது எல்லாம் தானா சரியாயிடும்." அது உண்மை. வெள்ளை வெள்ளையாக வந்துவிட்டால், மற்ற நிறங்கள் பெரும்பாலும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். கூரைப்புடவையின் சிவப்புக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். சிவப்பு அளவு மீறினால் பட்டின் நெசவும் மடிப்பும் மறைந்து, புடவை ஒரே சாயப்பூச்சாகிவிடும். தாலிக்கயிற்றின் மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் போய்விடக்கூடாது.

திருத்தத்துக்கும் அண்ணனிடம் ஒரு விதி இருந்தது. இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியதை நீக்கலாம். வாழ்நாள் முழுதும் கூட இருப்பதைக் கேட்காமல் தொடக்கூடாது. முகப்பரு முதல் வகை. மச்சமும் தழும்பும் இரண்டாம் வகை. பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர்ப் போத்தல், மணவறைக்குப் பின்னால் தெரியும் தீயணைப்புக் கருவி ஆகியவற்றை யாரையும் கேட்காமல் அழித்துவிடலாம்.

அப்பாவின் கையும் மகளின் கையும்

இந்த விதி சோதனைக்கு வந்தது 2009இல். ஒரு திருமணத்தில் ஆல்பச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது. மாப்பிள்ளையின் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பொண்ணு கொஞ்சம் கறுப்பா தெரியிறா. மாப்பிள்ளை கலருக்குக் கொண்டாந்துருங்க. காசு நாங்கதானே கட்டுறோம்."

இது புதிய கோரிக்கை அல்ல. பத்துத் திருமணத்தில் நான்கைந்தில் யாராவது ஒருவர் கேட்பார். பெரும்பாலும் பெண்ணின் தாயே கேட்பார். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று பழமொழி வைத்திருக்கும் இனம் நாம். ஆனால் ஆல்பம் என்று வந்துவிட்டால் பழமொழி நினைவுக்கு வருவதில்லை.

இந்த நோய் நம்மோடு மட்டும் பிறந்ததும் அல்ல. வண்ணப் படம் கழுவும் நிலையங்களுக்கு கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல்நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அடர்நிறங்களைப் படச்சுருள் சரியாகக் காட்டவில்லை என்று நிறுவனத்திடம் முறையிட்டவர்களில் மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விளம்பரதாரர்களும் இருந்தார்களாம். பல இனப் பெண்கள் சேர்ந்து இருக்கும் மாதிரி அட்டை 1990களில்தான் வந்தது. நம் பாட்டிமாரும் அம்மாக்களும் படத்தில் கறுத்துப்போய், கண்ணும் பல்லும் மட்டும் தெரிய நின்றதற்கு அவர்கள் நிறம் மட்டுமே காரணம் அல்ல என்பதை அறிந்தபோது எனக்குக் கோபமே வந்தது.

அண்ணனிடம் அக்காவின் கோரிக்கையைச் சொன்னேன். "முகம் யாரோடதோ அவங்ககிட்ட கேளு" என்றார். நான் ஒரே படத்தை இரண்டு விதமாகத் தயார் செய்தேன். ஒன்று வேட்டியை வெள்ளையாக்கியதோடு சரி. மற்றொன்று அக்கா கேட்டபடி. மணமக்களை வரச்சொல்லி இரண்டையும் திரையில் அருகருகே வைத்தேன்.

அது கன்னிகாதானப் படம். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். வெயிலில் கறுத்த அவருடைய கை கீழே, அதன்மேல் மகளின் கை, தேங்காய், மேலிருந்து அம்மா வார்க்கும் நீர். முதல் படத்தில் இரண்டு கையும் ஒரே நிறம். விரல்களின் வடிவம்கூட ஒன்று. இரண்டாம் படத்தில் மகளின் கை மட்டும் வெளுத்து, வேறு யாரோ ஒருத்தியின் கையை அவர் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. மருதாணி மங்கியிருந்தது. தங்க வளையல் வெளிறியிருந்தது. நலங்கு மஞ்சளின் சுவடே இல்லை.

அந்தப் பெண் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்பா கை மாதிரியே இருக்கட்டும் அண்ணா" என்றார். மாப்பிள்ளை, "நான் பேசிக்கிறேன்" என்று அக்காவின் எண்ணை அழைத்தபடி வெளியே போனார்.

கதை அங்கே இனிதே முடியவில்லை. ஆல்பத்தை வாங்க வந்த அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த உறவுக்குள் அடுத்து இரண்டு திருமணங்கள் நடந்தன. இரண்டும் வேறு கடைக்குப் போயின. அண்ணனுக்கு அது சிறு நட்டமில்லை. இருந்தும் அதன்பின் வந்த ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அப்படி இரண்டு படங்களை அருகருகே காட்டச் சொன்னார். பார்த்த பிறகும் வெளுப்பையே கேட்டவர்கள் உண்டு. கேட்டவர் மணப்பெண் என்றால் செய்து கொடுத்தோம். 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரே 2020இல் மாற்றப்பட்டுவிட்டது. கோரிக்கை மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஓரத்தில் நின்றவர்

2010இல் வந்த மற்றொரு ஆல்பத்தை நான் மறக்க முடியாது. மணப்பெண்ணுக்குத் தந்தை இல்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்து வளர்த்தவர் தாய். கன்னிகாதானம் செய்து கொடுத்தவர்கள் தாய்மாமாவும் அத்தையும். கைம்பெண்கள் மாங்கல்ய நேரத்தில் முன்னே நிற்கக்கூடாது என்ற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இருந்தது. யாரும் அவரைப் போகச் சொன்னதாகத் தெரியவில்லை. அவராகவே ஒதுங்கியிருக்கிறார்.

முதல் வரைவைப் பார்க்க வந்த பெண் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணா, எங்கம்மா எத்தனை படத்துல இருக்காங்க?"

நான் இரண்டு இரவுகள் தேடினேன். ஏறக்குறைய 2,900 படங்களில் தாய் இருந்தவை பதினொன்று. பத்து, மாலை விருந்தில் எடுத்தவை. கோயிலில் எடுத்தது ஒன்றே ஒன்று. மணமக்கள் மேல் அட்சதை விழும் அகலமான படம் அது. மேல் ஓரத்தில், பின்வாசல் தூணுக்கு அருகே, வெளிர்நிறப் புடவையில் அவர். கை உயர்ந்திருந்தது. விரல்கள் அப்போதுதான் விரிந்திருந்தன.

12 மெகாபிக்சல் படம். அவர் நின்ற பகுதி அதில் பதினாறில் ஒரு பங்கு. அச்சுக்கு ஏற்ற தெளிவோடு அதை மூன்றரை அங்குல அகலத்துக்கு மேல் பெரிதாக்க முடியாது. அண்ணன் யோசித்துவிட்டு, "பெருசாக்காதே. அந்த அளவிலேயே வை. பக்கத்துல வேற எதையும் வைக்காதே" என்றார். ஒரு விரிப்பக்கத்தின் இடப்புறம் மாங்கல்ய தாரணம் முழுதாக. வலப்புறம் வெறும் பக்கம். நடுவில் மூன்றரை அங்குலத்தில் அம்மா.

ஆல்பத்தை வாங்க அந்தப் பெண் தனியாக வந்தார். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டார். "அம்மா அட்சதை போட்டாங்களா இல்லையான்னு இத்தனை நாள் எனக்குத் தெரியாது அண்ணா. கேட்கவும் பயமா இருந்துச்சு."

வழக்கங்களைப் பற்றி மேடையில் பேச எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு, படமெடுக்கப் போகும் ஒவ்வொருவரிடமும் அண்ணன் தவறாமல் சொல்லியனுப்பியது இது: "பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு பாரு. அவங்களையும் எடு."

இல்லாதவரை வரவழைப்பது

மறைந்துபோன தந்தையைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரச்சொல்லிக் கேட்பவர்களும் வருவார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படம். அந்தத் தலையை வேறொருவர் உடலோடு பொருத்தி, வெளிச்சத்தின் திசையைச் சரிசெய்து, நிழல் போட்டு முடிக்க ஒரு முழு நாள் ஆகும். 2023இல் ஃபோட்டோஷாப்பிலேயே செயற்கை நுண்ணறிவு வசதி வந்துவிட்ட பின், இது சில நிமிட வேலையாகிவிட்டது. கைகட்டி நிற்பவரைச் சிரிக்கவும் வைக்கலாம்.

எளிதாகிவிட்டதாலேயே இதில் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. அழுதுகொண்டே கேட்கும் மகளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அந்த ஆல்பத்தைப் பார்க்கும் பேரப்பிள்ளை, தாத்தா திருமணத்துக்கு வந்திருந்தார் என்று நம்பிவிடக்கூடாது. அதனால் அத்தகைய படத்தின் கீழே அவருடைய பெயரையும் பிறந்த, மறைந்த ஆண்டுகளையும் ஒரு சிறு வரியில் சேர்த்துவிடுவோம். அந்த வரி வேண்டாம் என்று இதுவரை எந்தக் குடும்பமும் சொன்னதில்லை. தந்தை வரவில்லை என்பதும் அந்தத் திருமணத்தின் உண்மைதானே?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது திருமணங்கள் நின்றன. தளர்வு வந்த பிறகு, விரல்விட்டு எண்ணக்கூடிய உறவினரோடு நடந்த சில திருமணங்களின் ஆல்பங்கள் என் கைக்கு வந்தன. முகக்கவசம் அணிந்த அர்ச்சகர். மடிக்கணினித் திரையில் கட்டம் கட்டமாகப் பெரியப்பா, சித்தி, தங்கை. முகக்கவசத்தை நீக்கித் தரமுடியுமா என்று ஒரு தம்பதியர் கேட்டார்கள். பிறகு அவர்களே வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு அப்படித்தான் இருந்தது, அப்படியே இருக்கட்டும் என்றார் மணமகள்.

நண்பர்களே, உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் மணமேடை ஏறுவீர்கள். சில வேண்டுகோள்கள். புகைப்படக்காரரிடம் முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுங்கள். மணவறைக்கு அருகே வராமல் நிற்கப்போகிறவர்கள், சமையற்கட்டில் இருக்கப்போகிறவர்கள், கூச்சத்தால் ஒதுங்குகிறவர்கள் பெயரை அதில் முதலில் எழுதுங்கள். கோப்புகளை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒரே வன்தட்டை நம்பாதீர்கள். உங்கள் நிறத்தை முடிவு செய்யும் உரிமையை அக்காவுக்கும் அத்தைக்கும் கொடுக்காதீர்கள். ஆல்பம் கைக்கு வந்ததும், பாட்டியை அருகில் உட்காரவைத்து ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று கேட்டு, கடைசிப் பக்கத்தில் பெயர்களைத் தமிழில் எழுதிவையுங்கள். அதை மட்டும் எந்த மென்பொருளாலும் பின்னாளில் மீட்டுத் தர முடியாது.

இந்த வேலையைப் பகுதிநேரமாகச் செய்யும் தம்பி தங்கைகளுக்கு அண்ணனின் பாடத்தையே திருப்பிச் சொல்கிறேன். முதலில் வேட்டியை வெள்ளையாக்குங்கள். முகத்தைத் தொடும் முன் அந்த முகத்துக்கு உரியவரைக் கேளுங்கள். பிறகு படத்தின் ஓரங்களைப் பாருங்கள். வெட்டுவதற்கு முன், அங்கே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.